பத்து மில்லிகிராமைத் தேடிக் காரைக்குடிக்கு

காரைக்குடிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், எத்தனை வீடு பார்த்தாய் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தேக்குத் தூணைத் தொட்டுப் பார்த்தாயா, பூப்போட்ட தரையில் நடந்தாயா என்கிறார்கள். நான் ஒரு வீட்டையும் பார்க்கவில்லை. ஒரு தராசைப் பார்த்தேன். ஐந்து நாள் அதையே பார்த்தேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் பெரம்பூர். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் அமெரிக்காவில் ஒரு துகள் முடுக்கிக் கூடத்தில் டெக்னீசியன். விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகள் கேட்கும் பொருளைச் செய்து, மாட்டி, கழற்றிக் கொடுப்பவள். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஒரு சோதனை நடந்தது. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வரும் எலக்ட்ரானைத் தங்கத் தகட்டுக்குள் விட்டு, அது எவ்வளவு கதிர் வீசுகிறது என்று எண்ணும் சோதனை.

எலக்ட்ரான் ஓர் அணுக்கருவின் பக்கத்தில் போனால் கொஞ்சம் வளையும். வளைந்தால் கதிர் வீசும். தகடு இரண்டு மடங்கு தடித்தால் கதிரும் இரண்டு மடங்கு வரும். பழைய கணக்கு இவ்வளவுதான். ஆனால் மிக அதிக வேகத்தில் இந்தக் கணக்கு உடைந்துபோகும், வரவேண்டிய கதிரில் ஒரு பகுதி வராது என்று நாற்பது வருடத்துக்கு முன்பே சிலர் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். அதைச் சரியாக அளந்து பார்ப்பதுதான் எங்கள் வேலை.

தடித்த தகடுகளை அங்கேயே ஒரு கம்பெனியில் வாங்கினோம். தலைமுடியில் இருபதில் ஒரு பங்குத் தடிமனில் தகடு கேட்டபோது அவர்கள் அனுப்பியதெல்லாம் ஓட்டை. முந்தின வருடம் ஒரு தோழியின் கல்யாணத்துக்குக் காரைக்குடி வந்தபோது, செக்காலையில் சவரிமுத்து என்பவரின் பட்டறையில் அதைவிட மெல்லிய தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருந்தேன். ஓர் ஊசித் துளை இல்லை. நான்தான் அவர் பெயரைச் சொன்னேன். மூன்று தகடு செய்து, எடை போட்டு, நான் அனுப்பிய அலுமினியச் சட்டங்களில் ஒட்டி, எடைச் சீட்டோடு அனுப்பினார்.

சோதனை முடிந்து கணக்குப் பார்த்தால், மூன்றிலும் மெல்லிய தகட்டில் கதிர் நூற்றுக்கு ஆறு குறைவு. சீட்டில் எழுதிய எடை உண்மையென்றால் அவ்வளவு குறையக் கூடாது. சரி, தகட்டை மறுபடி எடை போடலாம் என்று சட்டத்திலிருந்து உரிக்கச் சொன்னார்கள். உரிக்கும்போது கிழிந்து பசையோடு சுருண்டுவிட்டது. கிழித்தது நான். அதை யார் தலையிலும் கட்ட முடியாது. மற்ற இரண்டை உரிக்க அதற்குப் பிறகு யாரும் துணியவில்லை.

எங்கள் குழுவின் தலைவர் ஒரு கிழவர். கத்த மாட்டார். கத்தினால் திருப்பிக் கத்தலாம். அவர் அமைதியாகச் சொன்னார்: "அடுத்த வெள்ளிக்குள் காரணம் தெரியாவிட்டால் மெல்லிய தகட்டை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுவோம். அந்தப் பட்டறையின் எடை நம்பத் தகுந்ததல்ல என்று ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்." எனக்கு லீவு பாக்கி இருந்தது. டிக்கெட் எடுத்தேன்.

திங்கட்கிழமை மதுரையிலிருந்து பஸ். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. ரோடு போட ஜல்லி கொட்டி, கொட்டியதோடு விட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். "மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாகன்னா" என்பார், வண்டி தூக்கிப் போடும். மறுபடி முதலிலிருந்து, "மாப்பிள்ளை வீட்டுல". மறுபடி பள்ளம். திருப்பத்தூர் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைப் பார்த்து அவர் சொன்ன இரண்டெழுத்து வசவு மட்டும் ஒருமுறைகூடத் தடைப்படவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடமாக விஞ்ஞானிகள் பலகையில் எழுதிக் காட்டியது இதுதான். எலக்ட்ரான் ஒரு கதிரை நினைத்த மாத்திரத்தில் வீசிவிடாது. அதற்கு ஒரு தூரம் ஓட வேண்டும். வலுக் குறைந்த கதிருக்கு நீண்ட தூரம், வலுவான கதிருக்குக் குறைந்த தூரம். அந்தத் தூரம் முடிவதற்குள் இங்கே ஓர் அணு இடித்து, அங்கே ஓர் அணு இடித்தால் கதிர் பாதியில் நின்றுவிடும். ஆகவே நெரிசலான பொருளுக்குள் வலுக் குறைந்த கதிர்தான் அடிபடும். வலுவானது பெரியவரின் வசவு மாதிரி வெளியே வந்துவிடும்.

தகடு அந்தத் தூரத்தைவிட மெல்லியதாக இருந்தால், இடித்து நிறுத்துவதற்குள் எலக்ட்ரான் வெளியே வந்துவிடும். வெளியே வந்து மாப்பிள்ளை கதையைச் சொல்லி முடிக்கும். அதனால் மெல்லிய தகட்டில் பழைய கணக்கே சரியாக வர வேண்டும். வந்தால்தான் தடித்த தகட்டில் கண்ட குறைவை ஊர் நம்பும். எங்களுக்கோ மெல்லிய தகட்டிலும் குறைவு. அதுவும் வலுக் குறைந்த கதிரில் மட்டுமல்ல, எல்லாக் கதிரிலும் ஒரே அளவாக ஆறு. அப்படியென்றால் குற்றம் எலக்ட்ரானில் இல்லை. தங்கமே சீட்டில் எழுதியதைவிடக் குறைவு.

காரைக்குடியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். தங்கப் பட்டறை, செக்காலை என்றேன். டிரைவர் ஒரு நகைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, நல்ல கடை, இவர்களிடமே வாங்குங்கள் என்றார். வாங்க வரவில்லை என்றேன். விற்கவா என்றார். இல்லை என்றேன். "அப்ப என்னத்துக்குத்தேன் வந்தீக?" என்றார். காசைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தேன்.

பட்டறை ஒரு சந்துக்குள், தையல் கடைக்குப் பின்னால் இருந்தது. உருளை மிஷின் ஒன்று, அமிலத் தொட்டி ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டுத் தராசு. கல்லூரியில் ஏலம் விட்டபோது வாங்கியது. மில்லிகிராமில் பத்தில் ஒன்று வரை காட்டும். சவரிமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. கோயில் கலசத்துக்கும் தேவாலயக் கிண்ணத்துக்கும் தகடு செய்கிறவர். எடை போடுவதும் சீட்டு எழுதுவதும் அவர் மனைவி லூர்து. பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். வாங்க தங்கச்சி என்று காபி கொடுத்தார். காபி குடிக்கும் வரை பொறுத்திருக்கலாம். எனக்கு அது வராது. முதல் வாயிலேயே, எடை ஆறு சதவீதம் தப்பு என்றேன்.

சவரிமுத்து உருளையை நிறுத்தினார். கையைத் துடைத்தார்.

"ஏழாயிரம் மைலு தாண்டி, எங்களத் திருடங்கன்னு சொல்லிட்டுப் போக வந்தீகளா?"

"திருடர்னு சொல்லல. தப்புன்னு சொல்றேன்."

"தங்கத்துல ரெண்டும் ஒண்ணுதேன்."

அவர் மறுபடி உருளையை ஓட்ட ஆரம்பித்தார். லூர்துதான் சீட்டு நகலை எடுத்துக் கொடுத்து, நாளைக்கு வாருங்கள் என்றார்.

ராத்திரிச் சாப்பாடு லாட்ஜுக்குப் பக்கத்து மெஸ்ஸில். மதுரையிலும் சென்னையிலும் செட்டிநாடு என்று போர்டு போட்டால் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டி வயிற்றைக் கெடுப்பார்கள். இங்கே போர்டு இல்லை. வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்தார்கள். பணியாரம் மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. எட்டு தின்றேன். எதிர் மேசையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி. அவர் மனைவியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவர்கள் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசுவார்களாம். அதற்கு எத்தனை கோழி வேண்டும் என்று யோசி." மனைவி, "சாப்பிடும்போது கோழியைப் பற்றிப் பேசாதே" என்றாள். அந்த ஒரு நாளில் நான் கேட்டதிலேயே புத்தியான பேச்சு அதுதான்.

செவ்வாய்க்கிழமை. தராசு தப்பாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தராசு தப்பென்றால் மனிதர் தப்பில்லை. எடைக்கற்களை வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டும் என்றேன். லூர்துவின் தம்பி ஒக்கூர் பக்கம் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். அங்கே நல்ல தராசு இருந்தது. கல்லுப் பெட்டியை என்னிடம் தர சவரிமுத்து சம்மதிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அவரே வந்தார். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு.

பாதி வழியில் டயர் போனது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். வெயில் கொளுத்தியது. எங்கள் கூடத்தில் இப்படி ஒரு மிஷின் நின்றால் நாலு பேர் நாலு போனில் பேசுவார்கள். இங்கே டிரைவரும் கண்டக்டரும் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பயணிகள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வயலிலிருந்து வந்த ஒரு விவசாயி, பெட்டிக்குள் என்ன என்று சவரிமுத்துவைக் கேட்டார். எடைக்கல் என்றார். எதற்கு என்றார். சரியா என்று பார்க்க என்றார்.

"ஏன், காரைக்குடியில எடைக்கல்லு இல்லையா?"

"இருக்கு. இந்தம்மாவுக்குத்தேன் நம்பிக்கை இல்லை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டயரைப் பார்த்தேன்.

பள்ளியில் ஒவ்வொரு கல்லாகப் போட்டுப் பார்த்தோம். ஒரு கல்கூடத் தப்பில்லை. சவரிமுத்து ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து, பட்டுத் துணியால் துடைத்து, அதனதன் குழியில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் மெஸ்ஸில் சீட்டு நகலை விரித்து வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். விஞ்ஞானிகளுக்கு எல்லாம் சதவீதம். மெல்லிய தகட்டில் ஆறு சதவீதம் குறைவு. அதைவிட இரண்டு மடங்கு தடித்த இரண்டாவது தகட்டில் மூன்று சதவீதம். மூன்றாவது நல்ல தடிப்பு. அதில் இப்படி ஒரே அளவான குறைவு தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு ஏதோ புதிய விதி இருக்குமோ என்றுகூட ஒருவர் கிளம்பியிருந்தார். ஆனால் பட்டறையில் யாரும் சதவீதத்தில் பேசுவதில்லை. இரண்டு நாளாக மில்லிகிராமையே கேட்டுக் கேட்டு நானும் அதிலேயே போட்டுப் பார்த்தேன். முதல் தகடு சீட்டில் நூற்று எழுபது. எங்கள் கதிர்க் கணக்கில் நூற்று அறுபது. இரண்டாவது சீட்டில் முந்நூற்று முப்பது. கணக்கில் முந்நூற்று இருபது.

இரண்டிலும் பத்து. அதே பத்து மில்லிகிராம். மூன்றாவதில் ஆயிரத்தறுநூற்றுச் சொச்சம். அதில் பத்து போனாலும் வந்தாலும் எங்கள் கருவிக்குத் தெரியாது.

இலையில் இருந்த பணியாரம் ஆறிப்போனது. தங்கம் திருடுகிறவன் தகட்டுக்குத் தகடு ஒரே அளவாகத் திருட மாட்டான். காலித் தட்டில் தராசு முள் நேராக நிற்பதைப் பார்த்திருந்தேன், எடைக்கல்லும் சரி. தகட்டோடு தகடாக வேறு ஏதோ ஒன்று தராசில் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே எடையில். பிறகு இறங்கியிருக்கிறது.

புதன்கிழமை காலையில் பட்டறைக்கு ஓடினேன். அன்றைக்குச் செய்தது மாதிரியே ஒரு தகடு, ஒன்றுவிடாமல் எல்லாம் செய்து காட்டுங்கள் என்றேன். சவரிமுத்து மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். செய்தார். தங்கத்தை இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து உருளையில் விட்டார். மறுபடி விட்டார். எத்தனை முறை என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். பிறகு அமிலத்தில் போட்டதும் செம்பு பச்சையாகக் கரைந்து போனது. தங்கம் மட்டும் தொட்டியில் மிதந்து வந்தது. மூச்சுவிட்டால் மடங்கும். அதைக் கண்ணாடியில் ஏந்தி, கழுவி, காய வைத்து, சதுரமாக வெட்டினார். இத்தனைக்கும் அந்த மனிதர் கையில் ஒரு நடுக்கம் இல்லை. நான் கிழித்த தகடு ஞாபகம் வந்தது.

லூர்து எடை போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். கீழே தாள் வைத்தார்களா? இல்லை. விரல் பட்டதா? இல்லை, இடுக்கி. செம்பு மிச்சம் இருக்குமோ என்று மறுபடி அமிலத்தில் போடச் சொன்னேன். ஸ்பிரிட்டில் கழுவச் சொன்னேன். மறுபடி எடை. இம்மி மாறவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது சீக்கிரம் வரும். நீங்கள் அன்றைக்கு வேறு ஏதோ செய்திருக்கிறீர்கள், என்னிடம் மறைக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

சவரிமுத்து தராசுப் பெட்டியின் கண்ணாடியை மெதுவாக இறக்கினார்.

"எங்க அப்பச்சிமாரு வீட்டு வைரத்தையெல்லாம் எங்கப்பன் எடை போட்டவரு. பர்மாவுக்குப் போனது, மலேயாவுக்குப் போனது. ஒருத்தரும் திருப்பி எடை போட்டதில்லை. நீங்க எழுதுறத எழுதிக்கங்க. என் பேரு அந்தத் தாள்ல வந்தா, நான் இந்த மிஷினை வித்துருவேன்."

அப்பச்சிமார் என்று அவர் சொன்னது செட்டியார் வீட்டுப் பெரியவர்களை. அந்த வீடுகளின் நகை வேலையில் மூன்று தலைமுறையாகச் சோறு தின்ற குடும்பம் அது. மிரட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. விற்றுவிடுவார் என்று தெரிந்தது. நான் லாட்ஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை. தோற்றுப்போய்த்தான் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் எனக்கு வராது. அதனால், நேற்றுச் செய்த தகட்டை எடுத்துக்கொண்டு போகிறேன், அடுத்த சோதனைக்கு ஆகும், சட்டத்தில் ஒட்டித் தாருங்கள் என்றேன். சவரிமுத்து தலையை மட்டும் ஆட்டினார். லூர்து தகட்டைக் கண்ணாடியில் ஏந்தித் தராசுக்குக் கொண்டுபோனார். நேற்று எடை போட்டாயிற்றே என்றேன். அனுப்புவதற்கு முன்னால் தனியாகப் போட வேண்டும் என்றார். போகிற வழியில், மாடத்தில் மாதா படத்துக்குக் கீழே இருந்த சின்னக் கிண்ணத்தில் கட்டைவிரலைத் தொட்டார். தகட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து சின்னச் சிலுவை போட்டார்.

சந்தனம்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டேன்.

"என்னக்கா இது?"

"கடல் தாண்டிப் போற பொருளுக்கு வைக்கிறது. செட்டியார் வீட்டுல ஆச்சிமாரு சந்தனம் வச்சுத்தேன் அனுப்புவாக. எங்க மாமனாரு அதையே சிலுவையாப் போட்டாரு. மாதா கோயில் பீடக்கல்லுல அஞ்சு சிலுவை இருக்கும்ல, அது மாதிரி. வச்சுட்டுத்தேன் தராசுல ஏத்தணும். வெறும் பொருளை ஏத்தக் கூடாது."

"அந்த மூணு தகட்டுக்கும் வச்சீங்களா?"

"வைக்காம?"

"அப்புறம்?"

"காஞ்சதும் எடை போடுவோம். ஒட்டுறதுக்கு முந்தி ஸ்பிரிட்டுல துடச்சுருவோம். அழுக்காவா அனுப்புவாக?"

"நேத்து ஏன் வைக்கல?"

"நேத்து அது எங்கயும் போகலையே. உங்களுக்குக் காட்டத்தானே செஞ்சோம்."

நேற்று முழுக்க ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேனே, இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். லூர்து என்னைப் பார்த்த பார்வையில் உண்மையாகவே ஒன்றும் புரியாத ஆச்சரியம் இருந்தது.

"நீங்க வேலையத்தானே கேட்டீக தங்கச்சி? இது வேலை இல்லையே."

சந்தனம் காயும் வரை மூன்று பேரும் நின்றோம். ஒருவரும் உட்காரவில்லை. காய்ந்ததும் தராசில் ஏற்றினார். முள் ஆடி ஆடி நின்றது. நேற்றைய எடையைவிடப் பத்து மில்லிகிராம் கூடுதல்.

ஒரு நகைக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. ஐம்பது கிராம் சங்கிலியில் பத்து மில்லிகிராம் சந்தனத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டு தலைமுறையாக அந்த வீட்டு விரல் செய்த தப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஓர் எலக்ட்ரான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு முறை போதாது. அன்று வைத்ததும் இன்று வைத்ததும் ஒரே அளவு என்று எப்படிச் சொல்வது? தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். காய வைத்து, எடை போட்டு, துடைத்து, மறுபடி. மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் வரை பன்னிரண்டு முறை ஆயிற்று. ஒன்பதரைக்குக் கீழே ஒருமுறையும் போகவில்லை. பத்தரைக்கு மேலே ஒருமுறையும் ஏறவில்லை. பார்க்காதீர்கள், மனதில் வேறு எதையாவது நினையுங்கள் என்றேன். லூர்து ஜெபம் சொல்லிக்கொண்டே வைத்தார். அப்போதும் பத்துதான்.

முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த சவரிமுத்து ஐந்தாவது முறைக்குப் பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடைகளை அவரே எழுதினார். கடைசி எடையை எழுதிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"எடைக்கல்லுக்கு வருசா வருசம் முத்திரை குத்த வர்றான்ல. அடுத்த தடவை உன் கட்டைவிரல நீட்டுடி, குத்திட்டுப் போகட்டும்."

லூர்து சிரித்த சிரிப்பில் தையல் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன். பிறகு சவரிமுத்து என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது.

"ஆக, எடை தப்புதேன்."

"தங்கம் சரி. சீட்டுதான் தப்பு."

"தங்கத்துல ரெண்டும் ஒண்ணுன்னு நாந்தானே சொன்னேன்" என்றார். அந்தப் பழைய சீட்டு நகலை வாங்கி, மூன்று எடையையும் அடித்துவிட்டு, பக்கத்தில் பத்துப் பத்தாகக் குறைத்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அதை நான் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. அங்கே இன்னும் வியாழக்கிழமை சாயங்காலம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் உள்ள ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். சவரிமுத்துவும் லூர்துவும் வெளியே நின்றார்கள். தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பூத் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: "எதற்காக அப்படிச் செய்கிறார்கள்?"

பொருள் பத்திரமாகப் போய்ச் சேர என்றேன்.

"போய்ச் சேர்ந்ததே" என்றார்.

அடுத்து, அந்த அம்மாவின் விரல் எவ்வளவு துல்லியம் என்று கேட்டார். பன்னிரண்டு எடையையும் படித்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பத்துக்கு முன்னே பின்னே அரை என்று பிழை வைத்தால் போதும், மெல்லிய தகடு அறிக்கையில் இருக்கும், அந்த வரி வேண்டாம் என்றார். தகட்டின் எடையில் ஒட்டுவதற்கு முன் நீக்கப்பட்ட பூச்சுக்காகத் திருத்தம் செய்யப்பட்டது என்று மட்டும் போடலாமா என்று கேட்டார். சந்தனம் என்று போடுங்கள் என்றேன். அதற்கு ஆங்கில ஸ்பெல்லிங் கேட்டுக்கொண்டார். அறிக்கை வந்தபோது பூச்சு என்றுதான் இருந்தது. விஞ்ஞானிகள் அப்படித்தான்.

வெளியே வந்து, உங்கள் பெயர் வராது என்றேன். சவரிமுத்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா வராதுங்கிறீக. சரியாவும் வராதா?"

அறிக்கையின் கடைசியில் உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதில் போட வைக்கிறேன் என்றேன். போட வைத்தேன். அதற்கு நான் கத்த வேண்டியிருந்தது. கத்துவது எனக்குக் கஷ்டமில்லை. இரண்டு பெயரும் இருக்கிறது.

புதிய தகட்டைப் பற்றி லூர்துவோடு ஒரு சண்டை நடந்தது. முதலில் வெறும் எடை போட்டுச் சீட்டு எழுதுங்கள், பிறகு வேண்டுமானால் சிலுவை போடுங்கள் என்றேன். வெறுமனே தராசில் ஏற்ற மாட்டேன் என்றார். கடைசியில் சவரிமுத்து ஏற்றினார், லூர்து திரும்பி நின்றுகொண்டார். அதற்குப் பதிலாக, ஐந்து சிலுவையையும் துடைக்காமல்தான் கொண்டுபோக வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு நானே துடைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மதுரை ரோட்டில் அதே ஜல்லி. இந்த முறை பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார்.

எங்கள் கூடத்தில் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். துடைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டேன். பத்து. சட்டத்தில் ஒட்டினேன். சோதனை நடந்தது, கதிர் கணக்குக்கு வந்தது. பிறகு சரிபார்ப்பதற்காகத் தகட்டை உரிக்கச் சொன்னார்கள். தலைவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். போன முறை கிழிந்த அதே மூலையில் கத்தியை வைத்தேன்.

ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக வந்தது. எடை சீட்டில் உள்ளபடியே இருந்தது.

எடை சரியாக இருந்ததைக் காரைக்குடிக்கு எழுதினேன். கிழியாமல் வந்ததை எழுதவில்லை. எழுதினால் லூர்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.